மேல்வீட்டுப் பியானோ நின்ற மாதம்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், எந்த நேரத்தில் சத்தம் போடலாம் என்று எழுதிப் படிக்கட்டருகே ஒட்டியிருக்கிறார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஆணி அடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் கூடாது. வந்த புதிதில் இட்லிக்கு மாவரைக்கக்கூட அந்தத் தாளைப் பார்த்துக்கொள்வேன். ஆறு வருடத்தில், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன். மேல்வீட்டு ஃப்ராவ் வேபர் மட்டும் ஞாயிறு தவிர தினமும் காலை பதினோரு மணிக்குப் பியானோ வாசிப்பார். எழுபது தாண்டிய, தனியாக வாழும் அம்மா. எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் என்பதால், அதைக் கேட்டுக்கொண்டேதான் சமைப்பேன்.

போன மாதம் எங்கள் ஊரான ஆவூரில் என் அண்ணன் மாரடைப்பில் இறந்துபோனார். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். போனால் திரும்ப விடுவார்களா என்று பயந்து, போகாமல் இருந்துவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அடக்கத்தைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் ஒலியை அணைத்து வைத்திருந்தேன். பேண்டு செட்காரர்களின் கன்னம் உப்புகிறது, மதினி மாரில் அடித்துக்கொள்கிறார், எதுவும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

எங்கள் அப்பா இறந்தபோது, பேண்டு செட்காரர்கள் டீ குடிக்க நிறுத்தியதற்கே அண்ணன் எகிறினார். "என்னப்பா, ஆளில்லாத சாவுன்னு நெனச்சீங்களா? பாதிப் பேரு குடிங்க, பாதிப் பேரு வாசிங்க!" பங்குச் சாமியார் வந்து ஜெபம் தொடங்கும் வரை வாசிப்பு நிற்கவேயில்லை.

ஃப்ராவ் வேபரிடம் படிக்கட்டில் வைத்து அண்ணன் இறந்ததைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் என் கதவில் ஒரு ரொட்டியும், அவரே வரைந்த இலையில்லாத மரத்தின் படமும் தொங்கின. ரொட்டித் தொழிற்சாலைக்காரனுக்கு ரொட்டி! படத்தை அடுப்புக்கு மேலே ஒட்டினேன். ஆனால் அன்றோடு பியானோ நின்றுபோனது. துக்க வீட்டுக்காரன் என்று ஒதுங்குகிறாரோ என்று கோபம்கூட வந்தது. வேலை, தூக்கம், மறுபடி வேலை என்று நாலு வாரம் ஓடியது.

ஊரில் அண்ணனின் முப்பதாம் நாள் பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று தாங்க முடியாமல் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஏன் நீங்கள் வாசிப்பதில்லை?"

"உங்கள் வீட்டில் துக்கம். நான் எப்படி வாசிப்பேன்?"

"எங்கள் ஊரில் துக்கத்துக்கு வாசிப்போம்."

குழம்பிப்போனார். "சந்தோஷமாகவா?"

"இல்லை. சத்தமாக."

என் ஜெர்மன் மீது சந்தேகப்பட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு பியானோவைத் திறந்து மெதுவாகத் தொடங்கினார். இன்னும், என்று கையைக் காட்டினேன். ஒரு கணம் தயங்கினார், ஞாயிற்றுக்கிழமை அல்லவா? பின்பு, வருவது வரட்டும் என்று அழுத்தி வாசித்தார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய உபகாரத்தை எனக்கு யாரும் செய்ததில்லை.

அப்போது மதினி வீடியோவில் அழைத்தார்.

"பூசை முடிஞ்சு எல்லாரும் கெளம்பிட்டாங்க தம்பி. அங்க என்ன சத்தம்?"

"மேல்வீட்டம்மா, மதினி. அண்ணனுக்காக வாசிக்கிறாங்க."

"வச்சுராதீங்க தம்பி. போனை அவுங்க பக்கமாக் காட்டுங்க. இங்க நான் மட்டுந்தான் இருக்கேன்."

எழுந்து போய்ப் போனைப் பியானோவுக்கு நேரே நீட்டிப் பிடித்தேன். திரையில், காலியான பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே மதினி. எதிரே ஃப்ராவ் வேபரின் முதுகு. கை வலித்தது; மாற்றிப் பிடிக்கவில்லை.