சிவப்பியின் பாலும் ஊதா விளக்கும்

நயினாதீவுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் தட்டுகிறாள்.

2004 ஆனியில், சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், நானும் மனைவி பூமணியும் நெடுந்தீவிலிருந்து புறப்பட்டோம். எங்கள் மாடு சிவப்பிக்கு மடி வீங்கியிருந்தது. சுகமானால் அவளுடைய பாலையே நயினை அம்மனுக்கு அபிசேகத்துக்குக் கொண்டு வருவதாகப் பூமணி நேர்ந்திருந்தாள். மாட்டு வைத்தியர் ஊசி போட்டு, கடைசி ஊசியிலிருந்து ஏழு நாளைக்கு அந்தப் பாலை ஒருவரும் குடிக்கக் கூடாது என்றார். அபிசேகப் பாலைச் சனம் கைநீட்டி வாங்கிக் குடிக்கும், கணக்குப் பிசகலாமா? நாளுக்கொன்றாகக் கயிற்றில் முடிச்சுப் போட்டேன். ஏழு விழுந்ததும் பால் கறக்கச் சொன்னேன்.

காலை ஆறரைக்குப் படகு. நயினாதீவுக்குப் படகு மாறும் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம். ஈரத்துணி சுற்றிய செம்பு பூமணியின் மடியில் இருந்தது. கடலில் வாய் ஓயாதவள் அன்று செம்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். காற்றுத்தான் காரணம் என்று நினைத்தேன்.

இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட அறையில், பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி தீவுப் பாலைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பாலில் ஏதோ நீரைத் துளி விட்டு, கறுப்புப் பெட்டிக்குள் ஊதா விளக்கின் கீழ் வைப்பாள். மாட்டுக்குப் போட்ட மருந்து மிச்சமிருந்தால் மஞ்சளாக ஒளிரும். எனக்கு முன் வந்தவரின் பால் மின்மினியாய் ஒளிர்ந்தது. எங்களுடையது இருட்டாகவே இருந்தது.

"மருந்து இல்லை ஐயா."

"பாத்தீரோ? என்ர கணக்குப் பிசகாது!" என்றேன் பூமணியிடம்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, இது சிவப்பியின்ர பால் இல்லை. பக்கத்து வீட்டு மாட்டின்ர."

"என்ன விளையாட்டு இது?"

"ரெண்டாம் ஊசி போட்ட அண்டைக்கு நீங்கள் யாழ்ப்பாணம் போயிட்டியள். முதல் ஊசியிலிருந்து எண்ணினால் ரெண்டு நாள் குறையுமெல்லோ? சொன்னால் கேட்டிருப்பியளோ? ஊரைக் கூட்டியிருப்பியள்."

பிள்ளை சிரிப்பை அடக்கினாள். "அப்ப இதைக் கோயிலுக்குக் குடுப்பியளோ அம்மா?"

"அப்பிடித்தான் நினைச்சு ஏறினனான். ஏலாது பிள்ளை. நேர்ந்தது சிவப்பியின்ர பால். அம்மனிட்டை மாட்டை மாத்திக் காட்டுறதோ?"

அந்தப் பாலில் மூவரும் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு பதினைந்து நிமிடப் படகில், தலைக்குப் பத்து ரூபாய் கொடுத்து, வெறும் செம்போடு நயினாதீவு போய் அம்மனிடம் இரண்டு நாள் தவணை கேட்டோம்.

ஊருக்குத் திரும்பி, இரண்டு நாள் கழித்துச் சிவப்பியின் பாலோடு மறுபடி வந்தோம். விளக்கின் கீழ் அதுவும் இருட்டாகவே இருந்தது. பூமணி விளக்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அபிசேகம் முடிந்து முதல் கை நீட்டியவளும் அவள்தான்.

போகிறவர்கள் காலைப் படகையே பிடியுங்கள். பாலுக்கு ஈரத்துணி சுற்றுங்கள். மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால், பக்கத்தில் நின்று பார்த்தவரிடம் நாள் கணக்கைக் கேளுங்கள்.

எனக்கு இப்போது கேட்க ஆளில்லை. கயிறு இருக்கிறது. ஒன்பது முடிச்சில் கடைசி இரண்டும் பூமணி போட்டவை, என்னுடையவற்றைவிட இறுக்கம்.