அக்கியும் என் வாய்க்கொழுப்பும்

கொரோனா தடுப்பூசி போட்ட ஐந்தாம் நாள் இடது விலா எரிந்தது. மறுநாள் முதுகிலிருந்து வயிறு வரை, பாதி பெல்ட் கட்டியது போல, கொப்புளங்கள். எனக்கு யோசிக்க வராது. கத்த வரும். பண்ணைக்காடு பஸ் ஸ்டாப்பில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"ஊசி போட்டவன் உடம்பப் பாருங்க!"

பார்த்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. சர்க்கரையும் மூச்சிரைப்பும் உள்ளவள். ஊசி போடக் கிளம்பியவள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

எங்கள் பக்கம் இந்தக் கொப்புளத்துக்கு அக்கி என்று பெயர். குயவர் காவிமண்ணைக் கரைத்துப் புண்மேல் சிங்கம் வரைவார். நானும் மலையிறங்கிப் போய் வரைந்துகொண்டேன். மூன்று நாள் குளிக்காமல் சிங்கத்தைச் சுமந்தேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஊசி போட்ட அதே நர்ஸ் இருந்தார்.

"வாங்கண்ணே. பஸ் ஸ்டாப்புல காட்டுனீங்களே, இங்கயும் கழட்டுங்க."

டாக்டரம்மா பார்த்தார். "என்ன இது, நாயா?"

"சிங்கம்," என்றேன்.

காவியைக் கழுவ வைத்துவிட்டு, சின்ன வயதில் அம்மை போட்டதா என்று கேட்டார். போட்டது என்றேன்.

"அந்தக் கிருமி போகல. நரம்புல படுத்துக் கெடந்து இப்ப எந்திரிச்சிருக்கு. வயசானா வரும், உடம்பு அசந்தா வரும். ஊசிக்கப்புறம் சில பேருக்கு வந்திருக்கு, ஊசியாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. கொப்புளம் வந்தவுடனே இங்க வந்திருந்தா மாத்திரை இன்னும் நல்லாக் கேட்டிருக்கும்."

வந்தவுடனே நான் சிங்கத்திடம் அல்லவா போனேன்.

அக்காவிடம் ஓடினேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் அசையவில்லை.

"அன்னைக்கு ஊசிதான்ன. இன்னைக்கு அம்மைங்கிற. நாளைக்கு என்னடா சொல்லுவ?"

"ஊசி போடலைன்னா செத்துப் போவக்கா!" என்று கத்தினேன்.

"கத்தித்தான கெடுத்த. ரெண்டாவது ஊசிய நீ மொதல்ல போடு. பத்து நாள் பாக்குறேன்."

புண் ஆறி, ரெண்டாவது ஊசிக்கான நாளும் வந்தது. பயமாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை, போட்டுக்கொண்டேன். அக்கா தினமும் காலையில் வந்து, மாட்டைச் சந்தையில் பார்ப்பது போல என் முதுகைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு கொசுக்கடியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் விசாரித்தாள்.

பதினோராம் நாள் வெள்ளனே நல்ல சேலை கட்டி வந்து நின்றாள்.

"கெளம்புடா. வாயத் தொறக்கக் கூடாது."

திறக்கவில்லை. அவளுக்கு ஊசி ஏறும்போது கையைப் பிடித்திருந்தேன். வெளிறிப்போன என் முகத்தைப் பார்த்து, நர்ஸ் என்னைத்தான் உட்காரச் சொன்னார்.