ஜிம்மியின் தொடையில் மெலிசான கம்பி

நாய்க்கு எலும்பு ஒட்டும் தொழிலில் ஒரு வசதி: என்ன நடந்தது என்று நோயாளி வாய் திறந்து சொல்லாது. மெக்கானிக்குகளே, தையற்காரர்களே, தன் தப்பைத் தூக்கி வாடிக்கையாளர் தலையில் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரளும் சகோதரர்களே, இது உங்களுக்காகத்தான்.

சீசன் டிராஃபிக்

கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அமலோற்பவம் தன் நாய் ஜிம்மியைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். டிராக்டர் இடித்துத் தொடை எலும்பு இரண்டாகியிருந்தது. எலும்பின் உட்குழலில் கம்பி செருகினால் போதும், ஆனால் கம்பி குழலுக்குள் கிச்சென்று உட்கார வேண்டும். என் பெட்டியில் இருந்ததோ மெலிசு.

எனக்கோ அவசரம். மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழா. சீசன் நேரம், சாயங்காலத்துக்குள் மலை இறங்காவிட்டால் குன்னூரிலேயே மாட்டிக்கொள்வேன். இருந்ததையே கையில் எடுத்தேன். என் உதவியாளர் போஜன் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், கோயமுத்தூருக்கு போன் போட்டா நாளைக்கு மத்தியானம் பஸ்லயே சரியான சைஸ் வந்துருமுங்களே" என்றார். காதில் வாங்காமல் செருகித் தைத்தேன்.

பெஞ்சு நிறைய ஆள்

ஆறு வாரம் கூண்டுக்குள் அசையாமல் வைத்திருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். மூன்றே வாரத்தில் ஜிம்மி காலைத் தூக்கிக்கொண்டு வந்தது. இடுப்புத் தோலுக்கடியில் கம்பியின் முனை துருத்திக்கொண்டு நின்றது.

பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையில் அது கோபம் இல்லை, பயம். "ஓட விட்டீங்களா? சொன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்று பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினேன். அமலோற்பவம் முகம் சுண்டிப் போயிற்று. "தப்பு எம்மேலதானுங்க டாக்டர். ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போன ஒரு மணி நேரம் தனியா வுட்டுட்டனுங்க."

எக்ஸ்ரே

படத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பெரிய பாட்டிலில் போட்ட ஸ்ட்ரா மாதிரி கம்பி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. எலும்பு திரும்பி, கம்பி மேலே ஏறிவிட்டது. அந்த நாய் படுத்தே கிடந்திருந்தாலும் இதுதான் கதி. கம்பியை உருவி, தகடு வைத்து, ஏழு திருகாணி முடுக்கினேன். போஜன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா வெளியதான் இருக்காங்க சார், கூப்புட்டு இதக் காட்டட்டுங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினேனே, அந்தத் தலையை என்ன செய்வது!

கிரேட் கூண்டு

நாலு வாரம் கழித்து அந்த எஸ்டேட்டில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம். தொழிலாளர் குடியிருப்பில் அமலோற்பவத்தின் லைன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கொழுந்து ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் பெட்டிகளைக் கயிற்றால் கட்டி அடுப்படியில் ஒரு கூண்டு. உள்ளே போர்வை மேல் ஜிம்மி, காலை ஊன்றி எழுந்து வாலாட்டியது. முதல் ஆபரேஷன் அன்றைக்கே கட்டிய கூண்டாம். நாய் ஓடவே இல்லை. "நீங்க திட்டுனதுல இருந்து நாலு ஞாயிறா நான் கோயிலுக்கே போறதில்லீங்க" என்று பெருமையாக வேறு சொன்னார்.

எனக்கு நிற்கவே கூசியது. சொல்லிவிட்டேன்: கம்பி மெலிசு, தெரிந்தேதான் போட்டேன், கோயிலுக்குப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், திட்டுனது அத்தனை பேர் முன்னாடி, இத மட்டும் எங்கூட்டு அடுப்படியில வந்து சொல்றீங்களே?"

அடுத்த சனிக்கிழமை அவர் செக்கப்புக்கு வந்தபோது பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போதே எழுந்து நின்று சொன்னேன். எலும்பு சேர ஆறு வாரம் போதும், எனக்கு வாய் திறக்க எட்டு வாரம் ஆயிற்று.