கலங்கள் பிடித்த விரதம்

இன்கியூபேட்டர் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த ஈரச் சூடு... இப்போது நினைத்தாலும் உடம்புக்கு இதமாக இருக்கிறது.

வெளியே கோப்பன்ஹேகன் குளிர். சைக்கிளில் வந்து, விறைத்த விரல்களைக் கழுவிக் கையுறை போட்டதும் நான் முதலில் போய் நிற்பது அந்தப் பெட்டிக்கு முன்னால்தான். உள்ளே தட்டுத் தட்டாக ரோஸ் நிறத் திரவம். அதன் அடியில் மார்பகப் புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள்.

படித்து முடித்துக் கிடைத்த முதல் வேலை அது. லபோராண்ட்... ஆய்வுகூடத்தில் கலம் வளர்ப்பவள். ஊரில் யாராவது கேட்டால் "கான்சர் வளர்க்கிறேன்" என்பேன். பாவம், முகம் வெளிறிப் போவார்கள்.

எது இந்தக் கலங்களை வளர்க்கிறது, எது அடக்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. அதில் ஒரு சிக்கல். வழக்கமாக நாங்கள் ஊற்றும் சாப்பாட்டில் கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் இருக்கும். (இதை மட்டும் அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.) ஹோர்மோனும் வளர்ச்சிக் காரணிகளும் அதிலேயே தாராளமாகக் கலந்திருக்கும். வயிறு முட்டக் குடித்த கலத்துக்கு மேலே இன்னொரு துளி விட்டு என்ன தெரியப் போகிறது? அதனால் முதலில் பட்டினி போட வேண்டும். கரித்தூள் போட்டு ஹோர்மோனை நீக்கிய சீரம், அதுவும் கொஞ்சம்தான்.

பக்கத்து மேசையில் வேலை செய்த லீனேயிடம், எங்கள் வீட்டில் இதற்கு விரதம் என்று பெயர் என்றேன். அவளுக்கு அது பிடித்துப் போய்விட்டது. அதன் பிறகு திங்கள் காலையில், கலங்கள் விரதம் தொடங்கிவிட்டனவா என்றுதான் கேட்பாள்.

விரதம் இருந்த கலங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் ஒரு துளி விட்டால் போதும்... சில நாளில் தட்டு நிறைந்துவிடும். வளர்ச்சிக் காரணி விட்டாலும் தலைதூக்கும். கட்டியை ஊக்குவிக்கும் ரசாயனம் ஒன்றும் வைத்திருந்தோம். எலியின் தோலில் கட்டியைத் தூண்டிவிடுகிற அதே சாமான், எங்கள் கலங்களில் வளர்ச்சியைக் குறைத்தது. எங்களுக்கே அது விசித்திரம். அது முதலில் வந்தது நேர்வாளங்கொட்டை எண்ணெயிலிருந்து என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"வயித்தாலை போறதுக்குக் குடுக்கிற கொட்டையடி அது," என்று சிரித்தார்.

அந்த வருடம்தான் அம்மாவுக்கே மார்பில் கட்டி வந்தது.

அவர் டென்மார்க்கின் மறுபக்கத்தில், பிரெடெரிசியாவில் இருந்தார். ஒப்பரேஷன், கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து, ஹோர்மோனால் வளரும் வகை என்று சொல்லி, தினம் ஒரு குளிசை, சில வருடங்களுக்கு விடாமல் குடிக்கச் சொன்னார்கள். ஹோர்மோன் வந்து உட்காரும் கதிரையில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும் குளிசை. நான் தட்டில் தினமும் விட்டுப் பார்த்த அதே மருந்து.

கௌரி விரதம் தொடங்கிய பின் ஒரு சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்குப் போனேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் குளிசைப் பெட்டி. உள்ளே அந்த மாதத்துப் புது அட்டையில் ஒன்றுகூட உடைக்கவில்லை.

"விரதத்தில மருந்து குடிக்கிறேல்லை பிள்ளை," என்றார் அம்மா. "கௌரி முடியக் கந்தசஷ்டி. அது முடிய குடிக்கிறன். முருகன் பாத்துக்கொள்ளுவார்."

கிட்டத்தட்ட ஒரு மாதம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டொக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அசையவில்லை. கடைசியில்தான் உண்மைக் காரணம் வந்தது. குளிசை குடித்தால் உடம்பெல்லாம் எரிகிறதாம், குளிரிலும் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்கிறாராம். விரதத்தைச் சாட்டிக் கொஞ்சம் மூச்சு விட நினைத்திருக்கிறார்.

கோபம் இறங்கிவிட்டது. பயம் மட்டும் மிஞ்சியது.

போனை எடுத்து, நுணுக்குக்காட்டியில் பிடித்த இரண்டு படங்களைக் காட்டினேன். குளிசை மருந்து விட்ட ஒன்றில் அங்கொன்று இங்கொன்றாகக் கலங்கள். மருந்து விடாத மற்றதில் இடமே இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"விரதம் பிடிக்க வேண்டியது இதுதான் அம்மா," என்று அந்தக் கலங்களைக் காட்டினேன். "குளிசைதான் இதைப் பட்டினி போடுது. குளிசையை விட்டியள் எண்டா, நீங்கள் பட்டினி கிடக்க இது விரதம் முறிச்சு வயிறாரப் பாறணை பண்ணும்."

அம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, இது யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று கேட்டார். யாரோ ஒரு பெண், நான் பிறப்பதற்கு முன்பே இதே நோயில் போய்விட்டார், அவருடைய கலங்கள் மட்டும் உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் இன்னும் வளர்கின்றன என்றேன்.

"ஐயோ பாவம், மனிசி..." என்றார். எழுந்து போய் ஒரு குளிசையை உடைத்து வாயில் போட்டார். "தண்ணியோட போறதுதானே. முருகன் கோவிக்கமாட்டார்."

திங்களன்று நானே ஆஸ்பத்திரித் தாதியை அழைத்து அந்த எரிவைப் பற்றியும் கதைத்தேன். பிறகு கொஞ்சம் சமாளிக்கக்கூடியதாக இருந்தது.

இப்போது நான் அந்த லாப்பில் இல்லை. ஒஃபீஸில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் முகத்தில் அந்தச் சூடு படுவதில்லை... என் விரல்களுக்குக் கோப்பிக் கோப்பைதான் கதி. லீனே மட்டும் இடையிடையே "விரதம் தொடங்கிவிட்டது" என்று மெசேஜ் போடுவாள். அம்மா குளிசைக் காலத்தை முடித்துவிட்டார். விரதம் மட்டும் முடியவில்லை.

போன சஷ்டிக்குக் கோயிலில் அர்ச்சனை. ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா எங்கள் எல்லோருடையதையும் சொல்லிவிட்டு, இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றார்.

"பேர் தெரியாது ஐயா. நட்சத்திரமும் தெரியாது. அந்த மனிசியாலதான் நான் இதில நிக்கிறன்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மந்திரம் தொடங்கியது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஐயர் கொஞ்சம் நிறுத்தினார்... அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.