அம்சம் எடுத்த ரத்தம்

சீர்காழிக்குக் கிழக்கே, கூலிக்கு நட்டு அறுக்கும் குடும்பங்கள் வாழும் தெருவில் பிறந்தவள் அம்சம். சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். அவளுக்குப் பதினான்கு வயதானபோது, குறுவையில் புகையான் பூச்சி விழுந்த வயலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அப்பா வீரையன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். வாயில் நுரை. கண்மணி கடுகாய்ச் சுருங்கி, சதை தானாகத் துடித்தது. ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைத்துக்கொண்டார். மறு வருஷம் மறுபடியும் மருந்தடிக்கப் போனார்.

அது நரம்பைத் தாக்கும் விஷம் என்பது மாயவரத்தில் விலங்கியல் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எண்பத்தொன்றில், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் நரம்பியல் துறைக்கு இளநிலை ஆய்வாளர் தேவை என்று பேப்பரில் பார்த்து எழுதிப்போட்டாள். நேர்காணலில் அப்பாவின் கதையைத்தான் சொன்னாள். வேலை கிடைத்தது. அங்கே மற்றவர்கள் எலிகளோடும் மின்கருவிகளோடும் இருந்தார்கள். நாலைந்து வருஷத்தில் டாக்டர் பட்டம், பிறகு பெங்களூரோ அமெரிக்காவோ என்பதுதான் டீ நேரத்துப் பேச்சு. மருந்தடிப்பவர்களின் ரத்தத்தைச் சோதிக்கும் வேலை அம்சத்திடம் வந்தது.

"உங்க ஊர்லயே ஆரம்பிச்சிடுங்களேன், அம்சம்" என்றார் பேராசிரியை பிரகதாம்பாள்.

ஊரில் கூலித் தகராறு. களத்துமேட்டில் போலீஸ் உட்கார்ந்திருந்தது. கூலி கேட்டு முன்னால் நிற்பவர்களில் அப்பாவும் ஒருவர். மாட்டேன் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தலையாட்டினாள்.

ஐஸ் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, மதகுப் பக்கம் மிராசுதார் ரெங்கசாமி இரண்டு ஆட்களோடு வழிமறித்தார்.

"வீரையன் மவதானே நீ? பெட்டில என்ன?"

"ரத்தம் எடுக்கிற குப்பிங்கய்யா. மருந்தடிக்கிறவங்க நரம்பு எப்படி இருக்குன்னு பாக்க..."

"பாத்துட்டு எம்மேல கேஸ் போடவா? அப்பன் கொடி புடிக்கிறான், மவ ஊசி புடிக்கிறியா?"

ஒரு ஆள் பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தான்.

"போ. எவன் கைய நீட்டுறான்னு நானும் பாக்குறேன்" என்றார் ரெங்கசாமி.

தெருவில் ஒருவரும் கை நீட்டவில்லை. "நாளைக்கு எங்கள வேலைக்குக் கூப்புட மாட்டாங்க, தாயி" என்று, அப்பாவோடு மருந்தடிக்கும் கண்ணுசாமி வெளிப்படையாகவே சொன்னார். வீரையன் வந்து எதிரில் குந்தினார்.

"எனக்கு எடு."

முதல் குத்து தவறியது.

"பயப்படாம எடு, புள்ள. வலிக்கல" என்றார்.

அவருக்குப் பிறகு கண்ணுசாமி வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் மொத்தம் பன்னிரண்டு பேர்.

சென்னைக்குத் திரும்பி முடிவுகளை எழுதும்போது அப்பாவின் குப்பியில் அவள் பேனா நின்றது. நரம்பைக் கட்டுக்குள் வைக்கும் நொதி, இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. இனி மருந்து டப்பாவைத் தொடவே கூடாது என்று அன்றே கடிதம் போட்டாள். அப்பா யாரையோ விட்டு எழுதவைத்த பதில் வந்தது: 'ரத்தம் கொடுத்த பன்னெண்டு பேரையும் இப்ப எந்த வேலைக்கும் கூப்புடுறதில்லம்மா. மருந்தடிக்கவும் கூப்புடல.'

அதே வாரம் பிரகதாம்பாள் அவளை அழைத்தார். "நீங்க கட்சி ஆளுன்னு உங்க ஊர்லேருந்து மனு வந்திருக்கு. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த ஊருக்கு இனி போகவேணாம்."

அம்சத்துக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்று அறைக்குப் போய் அழுதாள்.

தை அறுவடைக்குக் கூலி ஒப்பந்தம் ஆனபின் பன்னிரண்டு பேருக்கும் வேலை திரும்பியது. வீரையன் மட்டும் மருந்து டப்பாவை அதன்பின் தோளில் ஏற்றவில்லை. அம்சம் திருப்பனந்தாள் பக்கத்து ஊர்களில் ஆய்வைத் தொடர்ந்தாள். எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் முதலில் மதகுப் பக்கம்தான் கண் போகும். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, ஆய்வேட்டில் எல்லாரையும் வெறும் எண்களாகவே எழுதினாள்.

ஆறாம் வருஷம் வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஏட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "முதல் ஊர்ல மட்டும் ஏன் பன்னெண்டு பேரோட நிறுத்திட்டீங்க?"

நூலகத்தில் தேடி வைத்திருந்த பதில்களை அவள் ஒதுக்கிவிட்டாள்.

"பயமா இருந்துச்சுங்க, சார்" என்றாள் அம்சம்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அன்று மாலை அவள் டாக்டர் அம்சமானாள்.