பறவைக்கு இருட்டு, ஆமிக்கு வெளிச்சம்

கடல் ஊருக்குள் வந்த அன்று நான் வளைகுடா நாடொன்றில், ஒரு கம்பளக் கடைக்குள் நின்று, மாதிரித் துண்டுகளை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டை வல்லூறு பயணம் போகும் பெட்டிக்குள், அது நிற்கிற கட்டையில் சுற்றுவதற்கு ஒரு துண்டு தேவைப்பட்டது. நூல் வளையம் வளையமாக நிற்கும் கம்பளம் உதவாது. நகம் மாட்டிக்கொண்டால் பறவை இழுத்து இழுத்து விரலைக் கெடுத்துக்கொள்ளும். நுனி வெட்டிய கம்பளம்தான் சரி. நாலாவது துண்டைச் சுரண்டும்போது கடையின் தொலைக்காட்சியில் வீடுகளுக்கு நடுவே தண்ணீர் ஓடியது. எந்த நாட்டுத் தண்ணீரோ என்று நினைத்து ஐந்தாவது துண்டை எடுத்தேன்.

அந்தத் தண்ணீரில் தேற்றாத்தீவில் எங்கள் வீடு போய்விட்டது. எங்கள் வீடு என்பது பேச்சுக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாய் தகப்பன் மகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள், கட்டினவன் அங்கே போய் வாழ்வான். நான் அப்படி என் மனைவியின் வீட்டில் ஆறு வருடம், வந்தும் போயுமாக இருந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வாழைச்சேனையில் மரம் அரிந்து, கல்முனையில் கடையில் நின்று, கொழும்பில் மூட்டை தூக்கி, எந்த இடத்திலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. கடைசியில் பாலைவனத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய வீட்டில் வல்லூறுகளுக்குப் பெட்டி செய்யும் தச்சு வேலை கிடைத்தது.

அந்த வல்லூறுகள் விமானத்தில் இருக்கையில் போகும் என்று அவளுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அவற்றுக்குக் கடவுச்சீட்டும் உண்டு என்று அடுத்த கடிதத்தில் எழுதினேன். அதுவும் உண்மைதான். அதற்கும் பதில் இல்லை.

அவள் ஒரு பலாமரத்தைப் பிடித்துத் தப்பினாள். தப்பி, வாவிக்கு மறுகரையில், நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில் இருந்த தன் அக்காவிடம் போனாள். மூன்றாம் நாள் தொலைபேசியில் அவள் குரலைக் கேட்டேன். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும், வேட்டைப் பருவம் முடியட்டும் என்று நின்றுவிட்டேன். கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அப்படியே மூன்று மாதம் போனது.

நான் வந்து நின்றபோது அவள் அக்காவின் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"மூணு மாசமா என்ன செஞ்ச நீங்க?"

"பறவைக்குப் பெட்டி செஞ்சன் புள்ள."

"பொய் சொல்லுறதெண்டா கொஞ்சம் பொருந்துறாப்போலச் சொல்லுங்க. அவள் எந்த நாட்டுக்காரி?"

சத்தியம் செய்தேன். அவள் அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது. அன்று பின்னேரமே வாவியைக் கடந்து இந்தக் கரைக்குத் திரும்பினேன்.

போக இடமில்லை. ஏறாவூரில் ஒரு காக்கா இருந்தார். மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதே பெரிய வீட்டில் எனக்கு முன்பே பறவை பார்க்கிற வேலையில் இருந்தவர், வயதாகி ஊர் திரும்பி, வாவிக் கரையோரம் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். அவர் வளவுக்குள் நிவாரணக் கூடாரம் ஒன்றைக் கட்டிப் படுத்துக்கொண்டேன். மரவேலைக்காரனை அங்கே ஓடாவி என்பார்கள். காக்கா என்னை வேறு பெயரால் கூப்பிட்டதே இல்லை.

அடுத்த மழை முடிகிற நேரம், கரையில் காயப்போட்டிருந்த இறால் வலையில் ஒரு வல்லூறு வந்து விழுந்தது. உள்ளான் குருவியைத் துரத்தி வந்த வேகத்தில் வலையைக் கண்டிருக்காது. மீன்காரர்கள் கிட்டப் போகப் பயந்து காக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் தோளில் கிடந்த சாரத்தை மடித்து அதன் தலையை மூடி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஷாஹீன்டா, ஓடாவி," என்றார். பாலைவனத்தில் அதற்கு அதுதான் பெயர். "நாம அங்க போய்த் தேடினோம். இது நம்மளத் தேடி வந்திருக்கு."

எலும்பு முறியவில்லை. தோளில் சதை கன்றியிருந்தது. கோழிக் கழுத்தும் புறா இறைச்சியும் கொடுத்து, அவருடைய சாமான் அறையை இருட்டாக்கி ஒரு மாதம் வைத்திருந்தோம். சிறகைப் பழையபடி விரிக்கத் தொடங்கியபோது எங்கே விடுவது என்ற பேச்சு வந்தது. ஏறாவூரில் விட்டால் காகம் சும்மா விடாது, கம்பியும் வலையும் வேறு. படுவான்கரை வட்டையில், கண்ணுக்கெட்டிய தூரம் வயல் கிடக்கிற இடத்தில் விட்டால் இரையும் எழும்பும், இடைஞ்சலும் இல்லை என்றேன்.

காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பறவைக்கு வானம் வேணும். உனக்குப் பொண்டாட்டி வேணும். ரெண்டையும் ஒரு பெட்டிக்குள்ள வெச்சுக் கட்டப் பாக்கிறாய், என்ன?"

"ஓம் காக்கா. ஒருக்கா அவள் கண்ணால கண்டாப் போதும்."

எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். திரும்பி வா என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் பொய்யன் இல்லை என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் மீன்காரர் சைக்கிளின் பின்னால் கட்டுகிற வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியைக் கொண்டுவந்தேன். பாரமில்லை, சூடு ஏறாது. காக்கா அதன் விளிம்பை நகத்தால் கிள்ளி, உதிர்ந்த மணிகளை என் உள்ளங்கையில் போட்டார். "இதக் கொத்தி முழுங்கினா மவுத்தாப் போயிரும்." அடுத்து, தற்காலிக வீடுகளுக்கென்று வந்து மிஞ்சிய புது ஒட்டுப்பலகையில் ஒன்று அடித்தேன். வடிவாக வந்தது. நடுப்பகலில் அதற்குள் தலையை விட்டு நூறு வரை எண்ணிப் பார் என்றார். முப்பதிலேயே பசை மணத்தில் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அவரே ஒரு கடையிலிருந்து பழைய தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். எத்தனையோ வருடம் காய்ந்து, மணமெல்லாம் போன மெல்லிய பலகை. அதைப் பிரித்து, பறவையின் வால் எந்தச் சுவரிலும் முட்டாத உயரத்துக்குத் திரும்ப அடித்தேன். ஆணி முனை உள்ளே வராமல் வெளியிலிருந்து சட்டம் கொடுத்தேன். காற்றுக்குத் துளைகளைக் கீழே வைத்தேன். மேலே வைத்தால் வெளிச்சம் கண்ணில் படும், பறவை அந்த வெளிச்சத்துக்கே மோதும். அடியில் வைக்கோல் பரப்பினேன். பாலைவனத்தில் எப்போதும் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாள் காக்கா அதை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முற்றத்தில் வீசினார்.

"இது என்ன பாலைவனமா? வாவிக் காத்துக்கு ரெண்டு நாளில பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா ஷாஹீன் தப்பாது. ஊரில பிறந்தவன்தானேடா நீ?"

பிறந்தவன்தான். மறந்துவிட்டேன்.

கடைசியில் காத்தான்குடியிலிருந்து பன்பாய் வாங்கி, அதை வெட்டி உட்சுவரெல்லாம் தைத்தேன். பன்புல் வழவழப்பு, இறகு உரசினாலும் முறியாது, ஈரத்தைப் பிடித்து வைக்காது. கட்டைக்குக் கம்பளம் கிடைக்காமல் நான் படுத்திருந்த கூடாரத்தின் ஓரத்துணியை ஒரு முழம் வெட்டிச் சுற்றினேன். அது தடித்த துணி, நகம் இறுகப் பிடிக்கும், மாட்டாது.

மீதி இருந்தது கதவு. பாலைவனத்தில் கதவும் பலகைதான். உள்ளே முழு இருட்டு, பறவை தூங்கிக்கொண்டே போகும். ஆனால் படுவான்கரை அப்போது இயக்கப் போராளிகளின் கையில் இருந்ததால், மண்முனைத் துறையில் ஆமியின் சோதனைச் சாவடி இருந்தது. மூடின எதையும் அவர்கள் விடமாட்டார்கள். அரிசிச் சாக்குக்குக்கூடக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் கம்பி போனால் பறவையும் போகும். இரண்டு நாள் யோசித்து, கதவுக்குப் பதிலாகப் பாயையே சுருட்டும் தட்டியாகத் தொங்கவிட்டேன், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. வெளித்தட்டியைச் சுருட்டினால் உள்தட்டியில் விரலளவு கீறல். கீழே குந்தி அதன் வழியாகப் பார்த்தால் பறவையின் காலிலிருந்து கழுத்து வரை தெரியும். பறவையின் கண்ணுக்கோ எதுவும் படாது.

காக்கா குந்திப் பார்த்தார். எழும்பி என் முதுகில் அடித்தார். "பறவைக்கு இருட்டு, ஆமிக்கு வெளிச்சம். கெட்டிக்காரன்டா!"

என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பு வந்து, அடுத்த பஸ்ஸில் மண்முனைக்குப் போனேன். உள்ளே சத்தமே இல்லை. துறையில், வாவியைக் கடத்துகிற மிதவைக்கு நாங்கள் பாதை என்று சொல்வோம், அந்தப் பாதைக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். என் முறை வந்தது. இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் தட்டினான்.

"மொகத மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"பறவை, சேர். குருல்லா." வெளித்தட்டியைச் சுருட்டிவிட்டுக் கீறலைக் காட்டினேன். "இதால பாருங்க, சேர். குந்திப் பாருங்க."

அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாவற்றையும் அளந்து செய்த நான், சாவடியில் ஆமி குனியாது என்பதை மட்டும் மறந்துவிட்டேன். அங்கே குனிகிறவர்கள் நாங்கள். பாலைவனத்தில் இருந்த வருடங்களில் அது என் உடம்பிலிருந்து போயிருந்தது.

அவன் நின்றபடியே கையை நீட்டி உள்தட்டியை ஒரே இழுவையில் மேலே தூக்கினான். காலை வெயில் நேராக உள்ளே விழுந்தது. அடுத்த நொடி அவன் கைக்கும் தொப்பிக்கும் நடுவால் அது போனது. அவன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் விழுந்தான். இன்னொருவன் துவக்கைத் தூக்கி, எதைச் சுடுவதென்று தெரியாமல் இறக்கினான். வல்லூறு தண்ணீரை ஒட்டிப் பறந்து, நடு வாவியில் மேலெழும்பி, எந்தக் காகிதத்தையும் யாருக்கும் காட்டாமல் படுவான்கரைக்குப் போய் மறைந்தது. சிறகு நன்றாக இருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

விழுந்த சிப்பாய் தூசியைத் தட்டிக்கொண்டு, "போச்சு… சொரி," என்று இங்கிலீசில் வருத்தம் சொன்னான். பிறகு கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

மறுகரையில் இயக்கத்தின் மேசை, பேர் எழுதும் கொப்பி. "என்ன அண்ணன் கொண்டு போறீங்க?" என்று கேட்டார்கள். "வெறும் பெட்டி," என்றேன். வெறும் பெட்டியை ஏன் இவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறேன் என்று சந்தேகப்பட்டு அங்கே அரை மணிநேரம் வைத்திருந்தார்கள்.

அவள் முற்றத்தில் பெட்டியை வைத்தேன். கம்பளக் கடையிலிருந்து தொடங்கி நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய்போலக் கேட்டது. அவள் அக்கா, "இந்தமுறை பறந்தும் போயிட்டாம்," என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் குந்தினாள். தட்டிகளைச் சுருட்டினாள், இறக்கினாள். பாயில் கையைத் தடவி, தையல் எல்லாம் வெளிப்பக்கம் முடிந்திருப்பதைப் பார்த்தாள். கட்டையில் சுற்றிய துணியை அமுக்கிப் பார்த்தாள். அதில் நகம் பதிந்த குழிகள் இருந்தன. அடியில் வெள்ளை எச்சம். துளைகள் ஏன் கீழே என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப மெய்தான்," என்றாள்.

"மெய்தான் புள்ள."

"நான் வேற பொம்பிளை எண்டு நினைச்சன். அப்பிடியெண்டாச் சண்டை பிடிக்கலாம், ஏசலாம், விட்டுட்டு வா எண்டு சொல்லலாம்." தட்டியை இறக்கிவிட்டாள். "நான் மரத்தில தொங்கிக்கிட்டு இருந்த நாள் நீங்க இதுக்குத் துணி பாத்துக்கிட்டு இருந்திருக்கிறீங்க. உயிரோட இருக்கிறன் எண்டு தெரிஞ்ச பிறகும் இதத்தான் செஞ்சிருக்கிறீங்க. இதுக்கு நான் என்னத்தச் சொல்லி ஏசுற?"

அவள் நம்பிவிட்டாள். அதற்காகத்தானே ஒரு மாதம் பாடுபட்டேன்.

போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். உடனே திரும்பினேன்.

"எனக்கும் ஒண்டு செஞ்சு தாங்க. காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டை வைக்க. ஒரு கையால தூக்கிக்கிட்டு ஓடுறாப்போல. ஆமி திற எண்டா உடனே திறக்கோணும்."

மிஞ்சிய தேயிலைப் பலகையில் செய்தேன். உள்ளே பன்பாய் தைத்தேன், துளைகளைக் கீழே வைத்தேன். பழக்கத்தில் நடுவே ஒரு கட்டையையும் பொருத்திவிட்டேன். "இது எதுக்கு?" என்று கேட்டாள். அவிழ்க்கிறேன் என்றேன். கிடக்கட்டும் என்றாள்.

பிறகு படுவான்கரையில் ஆமியின் செல் குண்டுகள் விழத் தொடங்கின. சனம் அள்ளுப்பட்டு வந்தது. அந்த நேரம் நான் இங்கே இல்லை. மறுபடியும் பாலைவனத்தில் இருந்தேன், வேறு என்ன செய்வது. அகதி முகாம்களின் படம் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் ஆட்களின் முகத்தை விட்டு, கைகளைப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு வந்தேன். அவள் சித்தாண்டியில், நிவாரணத்தில் கிடைத்த கல்வீட்டில், அக்காவோடு இருக்கிறாள். பெட்டி அலுமாரியின் மேல் இருந்தது. மூலையில் ஒரு துண்டு உடைந்திருந்தது. இறக்கித் திறந்து காட்டினாள். உறுதியையும் அட்டைகளையும் பொலித்தீன் பைகளில் கட்டி, அந்தக் கட்டையில் கொடியில் துணி போடுவதுபோல் இருபுறமும் தொங்கவிட்டிருந்தாள்.

"அடியில வெச்சிருந்தா நனைஞ்சிருக்கும். ரெண்டு நாள் மழைக்குள்ள நிண்டம். எல்லார்ட உறுதியும் ஒட்டிப் போச்சு, என்ட ஒட்டல்ல," என்றாள். "பாரமும் இல்ல."

தேத்தண்ணி தந்தாள். நான் குடித்து முடித்தும் கோப்பையை வைக்காமல் இருந்தேன். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஏறாவூர் பஸ் அஞ்சு மணிக்கு. அதுக்குப் பிறகு இல்ல."

"அது தெரியும் புள்ள."

"மூலை உடைஞ்சு கிடக்கு. அடுத்தமுறை வரக்குள்ள ஒரு துண்டுப் பலகை கொண்டு வாங்க."

தேயிலைப் பெட்டிகள் இப்போது கிடைப்பதில்லை, எல்லாம் காகிதச் சாக்கில் வருகிறது. ஏறாவூர்க் கடைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு பலகை போடலாம்தான். ஆனால் அது மணக்கும்.