கிறேஸின் கொஞ்ச நேரம்

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தாள் கிறேஸ். மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டில் கதை வேறு. உலையை வைத்துவிட்டு அரிசி எடுக்கப் போவாள். வழியில் விளக்குமாறு கண்ணில் பட்டால் வாசலைக் கூட்டத் தொடங்கிவிடுவாள். உலை வற்றிச் சட்டி கருகும். முகத்தைப் பார்த்துச் சொன்ன சங்கதியும் மறு காதால் போய்விடும். வைத வார்த்தை மட்டும் போகாது. அன்று முழுக்கச் சோறு இறங்காது அவளுக்கு.

இப்போது இதைக் கவனக்குறைபாடு என்கிறார்கள், பெரியவர்களுக்கும் உண்டாம். தொண்ணூற்றாறில் எங்கள் லயத்தில் அவளுக்குப் பெயர் பொறுப்புக் கெட்டவள். அந்தப் பெயரை வைத்த வாய்களை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மகள் நிரோஷா ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பஸ் ஓடும் பெரிய ரோட்டோரம். பிள்ளையைக் கூட்டிவர இரண்டு முறை பிந்திப் போனாள் கிறேஸ். வரக்காப்பொலயில் கடை வேலை பார்த்த புருஷன் சாள்ஸ், லீவில் வந்தபோது கேள்விப்பட்டான்.

"இன்னொரு தடவ புள்ள ரோட்டுல நின்னா எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

பயந்துபோய்க் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போய்வந்தாள். பிறகு ஒரு வியாழக்கிழமை மரங்களை வெட்டிவிட்டு, சிரட்டையில் பால் நிறையும்வரை உட்கார்ந்தாள். பழைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து, நிரோஷாவுக்குப் பந்து சுற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் என்றுதான் நினைத்தாளாம். பால் எடுக்கச் சொல்லிக் கொம்பு ஊதியது அவளுக்குக் கேட்கவேயில்லை. தலை நிமிர்ந்தபோது சிரட்டைகளில் பால் உறைந்து கிடந்தது, எதிரில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் கன்னையா கங்காணி நின்றார்.

"இம்புட்டுப் பாலையும் கெடுத்துட்டுப் பந்தா சுத்துற? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அந்தச் சொல் அவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. மரத்தடியில் அழுதுகொண்டே இருந்தாள். பிள்ளை ஞாபகம் வந்து ஓடுவதற்குள், தனியாக ரோட்டில் நடந்த நிரோஷாவைக் கடைக்கார மஷூர் நானா லயத்துக்கே கூட்டி வந்துவிட்டார்.

சங்கதி கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை சாள்ஸ் வந்தான். சத்தம் போடவில்லை, பிள்ளையின் உடுப்புகளை எடுத்து வைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"சாள்ஸ் அண்ணே, அவளுக்குப் புள்ள மேல உசுரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"உசுரா இருந்தா நேரம் தெரியும் தங்கச்சி."

கிறேஸ் ஒட்டுப்பால் பந்தைப் பிள்ளையின் பையில் வைத்தாள். அக்கா வீட்டுக்கு மகளோடு சாள்ஸ் ஏறிய பஸ் வளைவில் மறையும்வரை நிரோஷா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது, பால் கறை படிந்த சட்டையோடு கிறேஸ் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடுவதைப் பார்த்தேன். கூப்பிட்டேன், கேட்கவில்லை. பின்னாலேயே போனேன். கேட்டைப் பூட்டியிருந்தார்கள், பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, இன்னைக்கும் பிந்திட்டேன். புள்ள எங்க போச்சோ தெரியலயே."